சுமை யார் தோளில்?

தமிழ்மொழி கனத்தைப் போற்றும் மொழி. மதிப்பிற்குரியவரைக் ‘கனம் பொருந்திய’ என்று விளிப்பதும், பொருளாழம் மிக்க நூலைக் ‘கனமான நூல்’ என்று பாராட்டுவதும் தமிழர் வழக்கு. எளிதில் வெல்ல இயலாத ஒருவரைச் சுட்டும்போது, ‘அவர் இலேசுப்பட்டவர் அல்லர்’ என்பர். இவ்வழக்குகளை மட்டும் நோக்கின் இலேசாயிருத்தல் ஒரு குறை என்றே தோன்றும். ஆயினும் அதே மொழி, செருக்குற்றவனைத் ‘தலைக்கனம் பிடித்தவன்’ என்று பழிக்கின்றது. கவலை நீங்கியவனும் ‘மனம் இலேசாயிற்று’ என்றுதான் பெருமூச்சு விடுகின்றான். ஆகவே, கனம் எல்லாம் பெருமையன்று. இலேசு எல்லாம் சிறுமையுமன்று. எங்கே கனம் வேண்டும், எங்கே அது வேண்டா என்று தெளிவதே அறிவுடைமையாகும்.

இத்தெளிவு மிகுதியும் வேண்டப்படும் துறைகளுள் ஒன்று கட்டடக் கலை. கட்டடம் என்ற சொல்லைக் கேட்டதும் கல்லும் செங்கல்லும் காரையும் மனக்கண்முன் எழும். உறுதிக்கு அடையாளம் பருமன் என்று பலரும் எண்ணுவர். ஆனால் பெருங்கட்டடங்களை எழுப்பிய பண்டைச் சிற்பிகள் அவ்வாறு எண்ணவில்லை. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம், புறத்தே நோக்குவார்க்கு ஒரு கல்மலை. அகத்தேயோ அது வெற்றிடம். மேலே செல்லச் செல்லக் குறுகி வரும் அதன் சுவர்கள், நடுவே ஒரு பெரும் வெளியைத் தாங்கி நிற்கின்றன. பிற்காலத்து இராசகோபுரங்களிலோ அடித்தளம் கருங்கல்லால் அமைய, மேல்நிலைகள் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் அமைந்தன. கீழே கனமும் மேலே இலேசும் என்பதே அவர்கள் கண்ட நெறி.

கடல் கடந்த உரோமாபுரியிலும் இந்நெறியே விளங்கிற்று. அங்கு இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பாந்தியன் கோயிலின் குவிமாடம் ஏறத்தாழ 43 மீட்டர் விட்டமுடையது. அதன் அடிப்பகுதியில் கனத்த கற்களைக் காரையிற் கலந்த உரோமானியர், உச்சிப் பகுதியில் எரிமலை கக்கிய நுரைக்கல்லைக் கலந்தனர். நட்டநடு உச்சியிலோ எதையும் வைக்கவில்லை. வானம் தெரியும் ஒரு வட்டத் திறப்பையே விட்டனர். பல நூற்றாண்டுகள் கடந்தும் அம்மாடம் நிற்கின்றது. எதைச் சேர்க்கலாம் என்று எண்ணுவோர் பலர். எதை நீக்கலாம் என்று எண்ணத் தெரிந்தவனே தேர்ந்த சிற்பி என்பதற்கு இவை சான்றுகள்.

இவ்வுண்மையைக் காணத் தஞ்சைக்கும் உரோமாபுரிக்கும் செல்லவேண்டும் என்பதில்லை. 1786ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துறைமுகமாகத் தோன்றிய பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரமே இதற்கு ஒரு திறந்த பாடநூலாகும். மலாக்காவுடன் இணைந்து 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரின் பழந்தெருக்களில் நடப்பவர், தம்மை அறியாமலே இலேசு என்னும் கலையின் நடுவே நடக்கின்றார்.

இங்குள்ள கடைவீடுகளை எடுத்துக்கொள்வோர் முதலில் வியப்பது அவற்றின் முகப்பை. மேல்மாடியின் முன்புறம் முழுவதும் சாய்சட்டங்கள் பொருத்திய மரச்சன்னல்களே நிறைந்திருக்கும். இத்தனை திறப்புகளுடன் கூரை எவ்வாறு நிற்கின்றது என்ற வினா எழுதல் இயல்பு. விடை, பக்கச் சுவரில் இருக்கின்றது. கடைவீட்டின் அகலம் ஏறத்தாழ 5 அல்லது 6 மீட்டர். நீளமோ அதனைப் போல் பல மடங்கு. தளத்தையும் கூரையையும் தாங்கும் மர உத்தரங்கள் இரு பக்கச் சுவர்களின் மீதே படிந்துள்ளன. அச்சுவர்கள் அண்டை வீட்டாருக்கும் பொதுவானவை. ஒரு வீட்டின் சுமையை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்வதால், முகப்பு சுமையினின்று விடுதலை பெறுகின்றது. விடுதலை பெற்ற முகப்பு காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வாயிலாகின்றது. அயலாரோடு பகிர்ந்துகொண்ட பாரம்தான் அவ்வீட்டின் அழகுக்கு அடிப்படை என்பது சிந்திக்கத்தக்கது.

வீட்டின் நடுவே வானம் பார்க்கும் முற்றம் ஒன்று உண்டு. வெப்பமுற்ற காற்று அதன் வழியே மேலேற, தெருப்பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே புகுகின்றது. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. முன்புறத்திலோ, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிச் செல்ல ஐந்தடி நடைபாதை. பேச்சு வழக்கில் ‘அஞ்சடி’ என்று வழங்கும் இது, சிங்கப்பூருக்காக 1822ஆம் ஆண்டில் இராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் விதியாக்கப்பட்டுப் பின்னர் இவ்வட்டார நகரங்களில் பரவிற்று. கட்டடத்தின் மேல்மாடி தெருவோரம் வரை நீள, அதன் கீழ்த்தளத்தில் ஒரு பகுதி ஊராருக்கு விடப்படுகின்றது. உடையவன் தனக்கென வைத்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்த அந்த ஐந்தடி இல்லையேல், வெயிலில் நடப்பவனின் பாடு என்னவாகும்?

அச்சுவர்களுக்கும் ஓர் இயல்பு உண்டு. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெயிலில் வெளிவிடும். சுவர் மூச்சு விடுகின்றது என்றே கைதேர்ந்த கொத்தர் கூறுவர். லீத் தெருவில் உள்ள சியோங் பட் சீ மாளிகை இதற்கோர் எடுத்துக்காட்டு. 38 அறைகளும் 5 முற்றங்களும் 220 சன்னல்களும் கொண்ட அப்பெரு மாளிகை, சுண்ணாம்பிற் கலந்த அவுரி நீலத்தால் ஒளிர்கின்றது. பழைய முறைப்படியே செப்பனிடப்பட்ட அது, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார மரபுப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. இதற்கு மாறாக, உறுதி தருவதாக எண்ணிப் பழஞ்சுவர்களின் மேல் சிமெண்டைக் கனமாகப் பூசியவர்களும் உளர். சிமெண்டு ஈரத்தை வெளிவிடாது அடைத்து வைக்கின்றது. உள்ளே தேங்கிய ஈரம் உப்புப் பூத்துச் சாந்தை உப்பவைத்துச் செங்கல்லை அரித்து விடுகின்றது. காக்க வேண்டிச் சேர்த்த கனமே அழிவுக்குக் காரணமாதல் ஒரு படிப்பினை அன்றோ?

நகரைத் தாண்டிக் கம்பத்துப் பக்கம் சென்றால் மலாய் மக்களின் மரவீடு காட்சி தரும். தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும் அது மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருப்பது போன்றது. அடியில் வெள்ளம் ஓடினும் வீடு நனையாது. பக்கங்களிலும் தரையிடுக்குகளிலும் காற்று புகும். அத்தாப்புக் கூரை வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை. பொருத்துவாய்களால் பிணைக்கப்பட்ட மரச்சட்டங்களைக் கழற்றி வேறிடத்தில் மீண்டும் பூட்டலாம். இன்னும் வியப்பு, ஊரார் பலர் கூடி ஒரு வீட்டை அப்படியே தோள்களில் ஏந்தி வேறிடம் கொண்டு சேர்க்கும் வழக்கம். கூட்டுழைப்பாகிய கோத்தோங் ரோயோங்கிற்கு இதனைவிடச் சிறந்த படம் வேறில்லை. லிம் ஜீ யுவான் எழுதி 1987ஆம் ஆண்டில் பினாங்கிலேயே வெளிவந்த மலாய் வீட்டைப் பற்றிய நூல், இவ்வீட்டின் அமைப்பறிவை உலகறியச் செய்தது. தூக்கிச் செல்லத்தக்க வீடு எளியதொரு வீடாகலாம். ஆனால் அதனைத் தூக்க வரும் அயலாரைப் பெற்றவன் எளியவன் அல்லன்.

எடை குறைந்த எல்லாமே இலேசு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தகரக் கூரை ஓட்டினும் எடை குறைந்தது, விலையும் குறைவு. மலாயாத் தோட்டங்களில் தொழிலாளர் வாழ்ந்த லயத்து வீடுகளும், அவர்தம் பிள்ளைகள் பயின்ற தமிழ்ப் பள்ளிகள் பலவும் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகவே தொடங்கின. நண்பகல் வெயிலில் அத்தகரம் அனலைக் கீழே பொழியும்; மழை வந்தால் ஆசிரியர் குரல் மாணவர் செவிக்கு எட்டாது. கூரையின் எடையைக் குறைத்தவர்கள், அதன் சுமையைக் குழந்தைகளின் தலையில் இறக்கி வைத்தனர். அத்தாப்பும் தகரமும் தராசில் ஏறக்குறைய ஒரே குணமுடையன. மனிதன் மீது இறங்கும்போதே அவற்றின் வேறுபாடு புலனாகின்றது. ஆகவே ஒரு கட்டடம் இலேசானதா என்பதை அறியத் தராசு மட்டும் போதாது. அதன் சுமை எங்கே சென்று சேர்கின்றது, யார் அதனை ஏற்கின்றார் என்று கேட்டல் வேண்டும்.

கட்டடத்தின் எடை என்ன என்று கட்டடக் கலைஞர்களை நோக்கி வினவுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார் ஓர் அமெரிக்கர். பக்மின்ஸ்டர் புல்லர் என்பது அவர் பெயர். 1895 முதல் 1983 வரை வாழ்ந்தவர். குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த பயனைப் பெறுதல் அவர்தம் வாழ்நாள் வேட்கை. சிறுசிறு முக்கோணங்களை இணைத்துக் கோள வடிவில் கூரை அமைக்கும் முறைக்கு 1954ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். முக்கோணம் தன் வடிவம் குலையாத உருவம். ஓரிடத்தில் விழும் பாரத்தை அடுத்தடுத்த முக்கோணங்கள் பகிர்ந்துகொள்வதால், தனியொரு தூணும் இன்றிப் பெருவெளியைக் கூரையால் மூடல் இயலும். 1967ஆம் ஆண்டு மொந்திரியல் உலகக் கண்காட்சியில் அவர் எழுப்பிய கோளம் ஏறத்தாழ 76 மீட்டர் விட்டமுடையது. 1976ஆம் ஆண்டில் தீப்பற்றி அதன் மேற்போர்வை முழுதும் எரிந்துபோயிற்று, எஃகு எலும்புக்கூடோ சாயாமல் நின்றது, இன்றும் நிற்கின்றது.

அப்பெரியாருக்கும் பினாங்கிற்கும் தொடர்பு உண்டு. கொம்தார் கட்டடத்தின் சிற்பியாகிய லிம் சோங் கியாட் அவருடைய நண்பர். 1974ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அப்போதைய பிரதமர் துன் அப்துல் ரசாக் அடிக்கல் நாட்டிய கொம்தார், 1986ஆம் ஆண்டில் 65 மாடிகளுடன் 232 மீட்டர் உயரத்தில் நிறைவெய்தியது. அதன் கோபுரத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் பலர். அதன் அடிப்பகுதியை ஒட்டி அமைந்த முக்கோணக் கோளக் கூரையை நின்று நோக்குபவர் சிலரே. புல்லரின் கொள்கைக்குப் பினாங்கில் எழுந்த நினைவுச் சின்னம் அது. 2016ஆம் ஆண்டில் அக்கூரையின் கீழ் அறிவியல் காட்சிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே பொறிகளைக் காணச் செல்லும் மாணவர், ஒருகணம் தலை நிமிர்ந்து மேற்கூரையையும் காண்பாராயின், அன்றைய பாடங்களுள் அதுவே முதற்பாடமாகும்.

இலேசுக்கும் எல்லை உண்டு. மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதைத் தமிழ்ப் பள்ளி மாணவனும் அறிவான். அதுபோலவே, அளவு கடந்து குறைத்தாலும் கேடு விளையும். அமெரிக்காவின் தக்கோமா நீரிணையின் மேல் 1940ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒரு தொங்குபாலம் திறக்கப்பட்டது. அதன் நடுக்கண் 853 மீட்டர். பார்வைக்கு நாடாவைப் போன்று மெல்லியதாய் அமைந்த அப்பாலம், காற்றில் நெளிந்து நெளிந்து ஆடிற்று. நான்கு திங்கள் கழித்து நவம்பர் 7ஆம் நாள், மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுக்கேறி அறுந்து நீரில் வீழ்ந்தது. அதற்கு மாற்றாக 1950ஆம் ஆண்டில் எழுந்த பாலம் முன்னதினும் கனமானது. ஆயினும் கனம் மட்டும் அதனைக் காக்கவில்லை. அடைத்த தகடுகளுக்கு மாறாகத் திறந்த சட்டகங்களை அமைத்துக் காற்று ஊடுருவிச் செல்ல வழி விட்டனர். பினாங்கு வீட்டின் சாய்சட்டச் சன்னல் செய்வதும் அதுவே. எதிர்க்க இயலாததற்கு இடம் விடுதல் கோழைத்தனமன்று. அதுவும் ஒருவகை உறுதி.

பினாங்கின் இரு பாலங்களும் இக்கருத்தை விளக்குவன. 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முதற்பாலம் 13.5 கிலோமீட்டர் நீளமுடையது. கப்பல்கள் செல்லும் நடுப்பகுதியில் 225 மீட்டர் இடைவெளியைத் தூண் ஏதுமின்றி வடங்களே தாங்குகின்றன. 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். சுமத்திராவில் நிகழும் நிலநடுக்கத்தின் அதிர்வுகள் பினாங்கு வரை எட்டுவதுண்டு. ஆதலால், அதிர்வை உண்டு தணிக்கும் இயற்கை இரப்பர் தாங்கிகளைத் தூண்களுக்கும் தளத்திற்கும் இடையே வைத்துள்ளனர். எத்துணைப் பெரிய பாரம், எத்துணை மெல்லிய பொருளின் மீது அமர்ந்துள்ளது! தலைமுறை தலைமுறையாக விடியற்காலைப் பனியில் மரம் சீவிப் பால் எடுத்த தமிழருக்கு இச்செய்தி வெறும் பொறியியல் செய்தியன்று. அவர்கள் வாளியில் சுமந்த அதே பொருள், இன்று ஒரு கடற்பாலத்தைச் சுமக்கின்றது.

கட்டடங்களின் கனத்தைத் தமிழரும் பிற இந்தியரும் மெய்யாகவே தோளில் ஏந்தியவர்கள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் நீரிணைக் குடியேற்றங்களின் சாலைகளையும் பொதுக் கட்டடங்களையும் அமைத்தனர். 1818ஆம் ஆண்டில் நிறைவுற்ற பினாங்கு புனித ஜார்ஜ் தேவாலயமும் அத்தகையோர் உழைப்பால் எழுந்ததே. அதன் வெண்தூண்கள் இன்று காண்பார் கண்ணுக்கு எத்துணை இலேசாய்த் தோன்றுகின்றன! அந்தத் தோற்றத்தின் பின்னே பெயரறியாத தோள்கள் பல உள்ளன. அழகிய கட்டடத்தைக் காணும்போது அதன் சிற்பியை நினைப்பது மரபு. சுமந்தவனையும் நினைப்பது பண்பு.

இக்காலத்துக் கண்ணாடி மாடிகளும் இந்த அளவுகோலால் அளக்கப்படுதல் வேண்டும். கண்ணாடிச் சுவர் கண்ணுக்கு மிக இலேசானது. இல்லாதது போன்றே தோன்றும். ஆனால் நிலநடுக்கோட்டை அடுத்த வெயில் அதனூடே புகுந்து அறையைக் கொதிக்கச் செய்கின்றது. அதனைத் தணிக்கக் குளிர்சாதனம் வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். உள்ளேயிருந்து வெளியேற்றிய வெப்பம் தெருவில் நடப்பவன் முகத்தில் அறைகின்றது. சுமை மறைந்துவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு மாற்றப்பட்டது. கேரளத்தில் வாழ்ந்து 2007ஆம் ஆண்டில் மறைந்த லாரி பேக்கர் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டினார். செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி இடையே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தலாம் என்று பல வீடுகளைக் கட்டிக் காட்டினார். அவ்வெற்றிடமே வெப்பத்தையும் தடுக்கின்றது. ஒன்றுமில்லாத இடத்தையும் உழைக்கச் செய்த பெருமை அவருடையது.

ஜார்ஜ்டவுனின் இன்றைய நிலையையும் இவ்வளவுகோலால் நோக்குதல் கடமையாகும். போருக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏறவிடாது தடுத்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. அச்சட்டத்தின் காலத்தில் வீட்டுக்காரர் பழுது பார்க்க மனமின்றி இருந்தனர் என்பது உண்மை. குடியிருந்தோர் குறைந்த செலவில் வாழ்ந்தனர் என்பதும் உண்மை. சட்டம் நீங்கியதும் வாடகை உயர்ந்தது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தையற்காரரும் கூடை முடைவோரும் சிறுகடைக்காரரும் பலர் நகரின் உட்பகுதியை விட்டு அகன்றனர். வெறுமையான வீடுகள் சில பறவைக்கூட்டு வணிகத்திற்குச் சென்றன. உழவாரக் குருவிகளுக்காகச் சன்னல்களை அடைத்து, சுவர்கள் ஈரமாகவே இருக்கும்படி செய்தனர். மூச்சு விட்ட வீடுகள் மூச்சடைத்துப்போயின. பாரம்பரிய வட்டாரத்திலிருந்து அவற்றை அகற்ற அரசு நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. வேறு சில வீடுகள் அழகுறச் செப்பனிடப்பட்டுத் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின.

செப்பனிடுதல் நன்று, இடித்துத் தள்ளுதலினும் ஆயிரம் மடங்கு நன்று. எனினும் ஒரு வீட்டின் சன்னலும் முற்றமும் சுண்ணச் சுவரும் யாருக்காக அமைந்தன என்பதை மறத்தலாகாது. மேல்மாடியில் குடும்பம் உறங்கவும், கீழே கடை நடக்கவும், அஞ்சடியில் முதியவர் அமர்ந்து நாளிதழ் படிக்கவும் அவை அமைந்தன. வாழ்வோர் நீங்கிய வீடு இலேசாவதில்லை, வெறுமையாகின்றது. இலேசு வேறு, வெறுமை வேறு. பொதுச் சுவரின் தத்துவம் செங்கல்லோடு முடிவதன்று. உடையவரும் குடியிருப்போரும் அரசும் சுமையைப் பகிர்ந்துகொண்டால்தான் பழநகரம் மக்கள் வாழும் நகரமாக நீடிக்கும். ஒருவர் தோளிலேயே அதனை இறக்கி வைத்தால், அத்தோள் ஒருநாள் விலகிக்கொள்ளும்.

தைப்பூச நாளில் தண்ணீர்மலையை நோக்கிச் செல்லும் காவடியைக் கண்டோர் இக்கருத்தை எளிதில் உணர்வர். வளைந்த தண்டும் பக்கத்துக்கொன்றாய் ஒத்த எடையும் மயிற்பீலியும் கொண்ட காவடி எடையற்றதன்று. எடை இருபுறமும் ஒத்து அமைந்து, தோளில் படிந்து, நடைக்கு இசைந்து ஆடுவதாலேயே அது இலேசாகின்றது. கட்டியவன் தூக்குபவனின் தோளை அளந்து கட்டினான். அளவெடுக்காமல் கட்டிய காவடி, பாதி எடையே ஆயினும் பாதி வழியில் தோளைக் கிழித்துவிடும்.

வீடு கட்டுவோரும் பள்ளி கட்டுவோரும் நகரம் அமைப்போரும் கற்க வேண்டிய பாடம் இதுவே. புதிய பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கு வரைபடம் தீட்டும்போது, முகப்பு எத்துணைக் கம்பீரமாய்த் தோன்றும் என்று கேட்கும் குழுவினர், நண்பகலில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்குக் காற்று வருமா என்றும் கேட்டல் வேண்டும். நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் கல்வெட்டின் அளவைக் குறித்து விவாதிப்போர், சன்னலின் அளவைக் குறித்தும் ஒரு நாழிகை விவாதித்தல் வேண்டும். கனம் காண்பவர் கண்ணுக்கு உரியது. இலேசோ வாழ்பவர் உடலுக்கும் உள்ளத்திற்கும் உரியது. தன் பாரத்தைத் தானே தாங்கி, இயலாத மிகுதியை அயலாரோடு முறையாகப் பகிர்ந்து, எளியவன் தலையில் எதனையும் இறக்காமல் நிற்கும் கட்டடமே இலேசான கட்டடம். அத்தகைய கட்டடங்கள் பெருகும் ஊரில் மனிதர் நிமிர்ந்து நடப்பர்.